ஆத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன்

மலாயாவில், பகாவிலிருந்து உள்ளே ஏழாவது மைல் கட்டையில் இருந்தது அந்த ரப்பர்த் தோட்டம். லயம் என்ற வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அவள் அந்தப் பக்கம் பாத்திரம் கழுவினால் இந்தப் பக்கம் என் பாத்திரம் அதிரும். கல்யாணமாகி நான் அங்கே போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவள் பேரை எழுத இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கை வரவில்லை.

நெடுநெடுவென்று இருப்பாள். பால் வெட்டப் போகும்போது அவளுடைய நடைக்கு ஈடு கொடுக்க நாங்கள் பாதி ஓட வேண்டும். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், எதிராளியின் கழுத்தைப் பார்த்துப் பேசுவாள். அதனாலேயே புதிதாகப் பேச வருகிறவர்கள் சேலையைச் சரி செய்துகொள்வார்கள்.

எதைக் கேட்டாலும் உடனே சரி என்றோ இல்லை என்றோ அவள் வாயில் வராது. கல்யாணத்துக்கு வாங்க என்று வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டாலும், சண்டை போட்ட ஒருத்தியோடு சமாதானமாகப் போங்கள் என்று பெரியவர்கள் சொன்னாலும், அவள் பதில் ஒன்றுதான்.

"ஆத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

பெரட்டுக் களத்தின் ஓரத்தில், காலையில் ஆள் கணக்கு எடுக்க எங்களை வரிசையாக நிறுத்தும் அந்த மைதானத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில் ஒன்று இருந்தது. வேலை முடிந்து குளித்துவிட்டு அங்கே போவாள். கை கூப்ப மாட்டாள். கணக்கு எழுதும் கிராணி முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, ஓர் உலை கொதிக்கிற நேரம் நிற்பாள். பதிலோடு திரும்பி வருவாள். வரும்போது பெரும்பாலும் முகம் கடுகடுவென்று இருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு அவ்வளவு கோபமாக வருகிற பெண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவள் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ரப்பர்த் தாளுக்குப் புகை போடும் கொட்டகையில் நெருப்புப் பார்க்கிற வேலை. அதிகம் பேச மாட்டார். எத்தனை முறை குளித்தாலும் அவர் மேல் புகை வாடை போகாது. சனிக்கிழமையானால் கள்ளுக்கடை. ஒரு சனிக்கிழமை அவர் வாசலிலேயே விழுந்து கிடக்க, அவள் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, சிரம்பானில் இருந்த தன் சித்தி வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். வந்த வேகத்தில் மூட்டையை அவிழ்த்து உதறினாள். அன்றைக்குச் சட்டி பானை உருண்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.

"என்னக்கா ஆச்சு?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"இருந்து தொலைக்கணுமாம்," என்றாள்.

இருந்தாள். அண்ணன் குடியை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கள்ளுக்கடை வாசலுக்கு அவளே போய் நின்று, தோளில் கை போட்டு அவரைக் கூட்டி வருவாள். வழியெல்லாம் திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே வருவார். பிள்ளை இல்லாத அந்த இரண்டு பேரும் அப்படி வருவதைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

ஜப்பான் சண்டை வருவதற்கு முந்தின வருஷத் திருவிழாவில் பூசாரிக்கு அருள் வந்தது. கறுப்புக் கிடா வேண்டும் என்று ஆத்தா கேட்பதாக ஆடினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவள் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், அவர் கழுத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவளுக்கு வேணுமா, ஒனக்கு வேணுமா?"

பூசாரியின் ஆட்டம் அரை நொடி நின்று பிறகு தொடர்ந்தது. அந்த அரை நொடியை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அவள் நேராகக் கோயிலுக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து, கிடா வேண்டாமாம், ஆஸ்பத்திரி லயத்தில் காலில் புண்ணோடு கிடக்கிற கிழவனுக்குத் தினமும் கஞ்சி ஊற்றச் சொல்கிறாள் என்றாள். கறி போச்சே என்று பாதிப் பேர் அவளை முறைத்தார்கள். அந்தக் கிழவன் யார் என்றால், முன்னொரு நாள் குழாயடியில் அவளை மலடி என்று சொன்னவன். அவனுக்கு மூன்று மாதம் அவளேதான் கஞ்சி கொண்டு போனாள். போகும்போது ஒரு தடவைகூட அவள் முகம் மலர்ந்து நான் பார்க்கவில்லை.

"அது ஆத்தா சொன்னதுதான்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று ஒரு நாள் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

மரத்தில் கத்தியை வைத்தபடியே யோசித்தாள். "நமக்குப் புடிச்சதையே சொன்னா அது நம்ம பேச்சு புள்ள. அவ பேச்சு வேற மாதிரி இருக்கும். கேட்டதும் எரிச்சல் வரும்," என்றாள்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஒரு நாள் காரில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. அரிசி போயிற்று, மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணி இல்லாமல் ஆண்கள் கோணியை வெட்டி இடுப்பில் கட்டினார்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் மட்டும் பெரிய மனிதர் ஆனார். அதுவரை துரைக்கும் கிராணிக்கும் பின்னால் குடை பிடித்து நடந்தவர், இப்போது ஜப்பான் அதிகாரி முன்னால் இடுப்பை மடித்துக் கும்பிட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பும்போது கம்பு மாதிரி நிமிர்ந்து நிற்பார்.

மறு வருஷம் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்களாம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் ஒருத்தரும் திரும்பவில்லை. எங்கள் தோட்டத்தில் இருபது ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. யார் யார் என்று எழுதுவது மண்டோரின் பொறுப்பு. புகைக்கொட்டகை ஆளை எடுக்க மாட்டோம், ரப்பர்த் தாள் ஜப்பான்காரனுக்கு வேண்டும் என்று அவரே அக்காவிடம் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் பேர் எழுதியாகிவிட்டது என்று எனக்கு ஒரு மத்தியானம் தெரிந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து என் கூறைச் சேலையை எடுத்தேன். அரக்கு நிறம், ஊரிலிருந்து வந்தது, ஒரே ஒரு நாள் கட்டியது. அதை ஒரு பழைய துண்டில் சுற்றிக்கொண்டு மண்டோர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டைப் பிரித்தேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து சேலையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் காலத்தில் அந்த மாதிரித் துணியைத் தொட்டே வருஷமாகியிருக்கும்.

"சரி, போம்மா," என்றார் மண்டோர். "ஆனா எனக்கு இருபது தலை காட்டணும். ஒண்ண அடிச்சா இன்னொண்ணு எழுதித்தான் ஆகணும்."

எனக்குப் புரிந்தது. யாரை எழுதுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து உப்புக் கொடுக்கிறோம் என்று எல்லோரையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். ஆளுக்கொரு சிரட்டையோடு போய் நின்றோம். உப்பு இல்லை, லோரி நின்றது. துப்பாக்கியோடு நாலு சிப்பாய்கள். மண்டோர் பேர் வாசித்தார். வாசிக்கப்பட்டவர்கள் சிரட்டையைக் கீழே போட்டுவிட்டு லோரியில் ஏறினார்கள். இருபதாவதாக அண்ணன் பேர் வந்தது.

அக்கா முன்னால் போனாள். "இவரு கொட்டாய் ஆளு. வேணாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஜப்பான்காரன் கேட்டான்," என்றார் மண்டோர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஜப்பான்காரனுக்கு வேணுமா, ஒனக்கு வேணுமா?"

ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் இடித்தான். உதடு கிழிந்து ரத்தம் ரவிக்கையில் வழிந்தது. அண்ணன் லோரியில் நின்றபடி அவளைப் பார்த்துச் சொன்னார், "வீட்டுக்குப் போ. கொட்டாயில நெருப்பு அப்படியே கெடக்கு. அடக்கி விடு, தாளு கருகிடும்."

நான் அவரிடமிருந்து கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். லோரி போன பிறகு அவள் கிழிந்த வாயோடு புகைக்கொட்டகைக்குப் போய்ச் சாம்பலைப் போட்டு நெருப்பை அடக்கிவிட்டு வந்தாள். சாயங்காலம் என் வாசலில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக் கொடுத்தாள். வீங்கிய உதட்டோடு மெதுவாகச் சொன்னாள்.

"எவன் பேரையோ அடிச்சிட்டு இவரு பேர எழுதியிருக்கான்."

நான் கிழங்கைக் கழுவிக்கொண்டே இருந்தேன். மூன்று தரம் கழுவினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கொல்லையில் நின்ற ஊசி மிளகாய்ச் செடியை மொட்டையாகப் பறித்தாள். அநியாயம் செய்தவனைப் பேர் சொல்லி, மிளகாய் அரைத்துச் சாமிக்குத் தடவினால் அவன் உடம்பு எரிந்து சாவான் என்று ஊர்ப்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அம்மியில் அவள் அரைக்க, நான் வழித்துக் கொடுத்தேன். கண்ணும் கையும் தீயாக எரிந்தன.

"ஆத்தாகிட்ட கேட்டீங்களாக்கா?"

"இல்ல. மொளகா அவளுக்கு எதுக்கு? இது எனக்கு. அவ பொறுத்துக்குவா."

விழுதை இரண்டு உருண்டையாகப் பிடிக்கச் சொன்னாள். எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். வெளியே சூலத்தடியில் இருந்த கல்லில் முதல் உருண்டையைத் தடவி மண்டோர் பேரைச் சொன்னாள். "இது எழுதுனவனுக்கு." பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். இரண்டாவது உருண்டையை நான்தான் எடுத்து அவள் கையில் வைத்தேன். "இது எழுத வச்சவனுக்கு. பேரு தெரியல. அவ தேடிக் கண்டுபிடிச்சுக்கட்டும்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இது நடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கூடப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமே என்றுதான் முதலில் போனேன். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. என் வயிற்றில் அப்போது ஒரு கரு தரித்து மூன்றாம் மாதமே கலைந்தது. பட்டினியில் எத்தனையோ பேருக்குக் கலைந்த காலம் அது. எனக்கு மட்டும் காரணம் வேறாகத் தெரிந்தது.

மண்டோருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மேலும் கொழுத்தார். என் வீட்டுக்காரருக்குத்தான் காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை எங்கும் கிடைக்காத நேரம். குளிர் வந்தால் பலகைக் கட்டில் தரையில் தட்டித் தட்டிச் சுவரே அதிரும். அந்தச் சத்தம் கேட்டு அவள் வருவாள். பப்பாளி இலை கசாயம் வைத்துத் தருவாள். ஒரு நாள் காலையில் சின்னக் கலயம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே இரண்டு கை அரிசி. அண்ணன் வந்தால் பொங்குவதற்கு என்று முடிந்து வைத்திருந்தது.

"குடுக்க எனக்கு மனசே இல்ல," என்றாள். "வச்சுக்கலாம்னுதான் கேக்கப் போனேன். குடுடிங்கிறா."

அந்தக் கஞ்சியைக் குடித்தும் பத்து நாளில் அவர் போய்விட்டார். ஒரு சேலையைக் கொடுத்து நான் மீட்ட உயிர் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. சாவு வீட்டில் அவள் என்னை மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. இந்த மடியிலா படுத்திருக்கிறோம் என்று உடம்பு கூசியது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அழுதுடு புள்ள," என்றாள். அழுதேன். சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் காலெல்லாம் புண்ணோடு தோட்டத்துக்கு வந்தான். எங்களிடமிருந்து போன இருபது பேரில் திரும்பியவன் அவன் ஒருத்தன்தான். அண்ணன் பேதி கண்டு செத்ததையும், மூங்கிலை அடுக்கி ஏழெட்டுப் பேரோடு சேர்த்து எரித்ததையும் அவன் சொன்னான். அவள் கடைசி வரை கேட்டாள். "முழுசா எரிஞ்சுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆமாம் என்றான். தலையாட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்த் தாலியைக் கழற்றிச் சூலத்தில் மாட்டிவிட்டு வந்தாள். அந்த வாரம் மிளகாய் இரண்டு பங்கு அரைத்தோம்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்று செய்தி வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் காட்டுக்குள் இருந்து சண்டை போட்டவர்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு தோட்டமாகப் போய், ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டியவர்களைப் பிடித்து விசாரித்தார்கள். விசாரணை என்றால் பெரிதாக ஒன்றும் கிடையாது. யாராவது ஒருத்தர் முன்னால் வந்து இவன் செய்தான் என்று சொன்னால் போதும்.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு காலை நேரத்தில் வந்தார்கள். பத்துப் பேர் இருப்பார்கள். மண்டோரின் கையைப் பின்னால் கட்டிப் பெரட்டுக் களத்தில் மண்டி போட வைத்திருந்தார்கள். தலைவன் ஒரு சீனன், ஒல்லியாக, வாத்தியார் மாதிரி இருந்தான். அவன் மலாயில் சொன்னதைக் கூட இருந்த தமிழ் இளைஞன் ஒருவன் எங்களுக்குச் சொன்னான். "இவன் மேல பிராது இருக்கிறவங்க முன்னால வாங்க."

ஒருத்தரும் அசையவில்லை. ஆள் போன மற்றப் பத்தொன்பது வீட்டுச் சனங்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா போனாள். மண்டோருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"மண்டோரே, என் வீட்டுக்காரர் பேரு லிஸ்டுல இல்ல. யாரு பேர அடிச்சிட்டு எழுதுனீங்க?"

மண்டோர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். என்னைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"சொன்னா என்ன விட்டுருவியாம்மா?"

"மொதல்ல சொல்லுங்க."

"அந்தா நிக்குதே, ஒன் அடுத்த வீட்டுப் பொண்ணு. கூறைச் சேலையக் கொண்டாந்து என் பொஞ்சாதி கையில குடுத்துச்சு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. அவள் மட்டும் திரும்பவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளைஞன் தலைவனுக்கு மலாயில் சொன்னான். இரண்டு பேர் வந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்துப் போய் மண்டோருக்குப் பக்கத்தில் மண்டி போட வைத்தார்கள். செம்மண் முட்டியில் சுட்டது. மண்டோரின் மூச்சு எனக்குக் கேட்டது.

"ரெண்டு பேரையும் என்ன செய்யணும்? நீ சொல்லு," என்று இளைஞன் அவளைக் கேட்டான்.

அவள் எழுந்தாள். "ஆத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

தலைவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு ரோக்கோவைப் பற்ற வைத்துக்கொண்டு கையை ஆட்டினான். அவள் கோயிலுக்குள் போவதை மண்டி போட்டபடியே பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்ற முதுகு மட்டும் தெரிந்தது. என் வாழ்க்கையில் அத்தனை நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. என் வாயில் எந்த வேண்டுதலும் வரவில்லை. யாரிடம் வேண்டுவது? ஆத்தா முன்னால் ஏற்கனவே அக்கா நிற்கிறாளே.

ரோக்கோ முடிவதற்குள் வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் கடுகடுப்பு இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"இவனக் கொண்டு போங்க," என்றாள் மண்டோரைக் காட்டி. "இவள விட்டுருங்க. இவள நான் பாத்துக்கிறேன்."

மண்டோர் கத்தவில்லை. "சாமி சொல்லிருச்சா?" என்று மட்டும் கேட்டார். அவள் அவர் கழுத்தைப் பார்த்தாள். ஓடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. மரத்து மேல் இருந்த காக்கைகள் எழுந்து சுற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தன. பெண்களில் சிலர் அழுதார்கள். ஒரு கிழவர் களத்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். எனக்கு அந்தச் சத்தம் இனித்தது என்பதை மறைத்து என்ன பயன்? என் பங்கையும் அவர் சுமந்துகொண்டு போய்விட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மண்டோர் மனைவி பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டுப் போனாள். போகும்போது என் வாசற்படியில் அந்தச் சேலையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கட்டிய மாதிரியே தெரியவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்கா தன் வாசலுக்கு வந்தாள்.

"கட்டிக்க," என்றாள். "ரெண்டு உசுரக் குடுத்து வாங்குனது."

இரண்டு பேரும் வெள்ளைச் சேலையில் நின்றிருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை பலகைச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. "வா, அரைக்கணும்."

போனேன். வழக்கம் போல மிளகாய், வழக்கம் போல அம்மி. அன்றைக்கு அவள் அரைக்கவில்லை, என்னை அரைக்கச் சொன்னாள். ஒரே ஒரு உருண்டை. கல்லில் தடவும்போது முன்பெல்லாம் தெரியாமல் இருந்த பேரை இப்போது தெளிவாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று என் பேரைக் கேட்டேன்.

மூன்று வருஷம் இது நடந்தது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் ஏன் போனேன் என்று இன்றைக்கு என் கூடப்பிறந்தவரின் பேத்திகள் கேட்கிறார்கள். பயம் ஒரு காரணம். கை எரியும்போது நெஞ்சில் எரிவது குறையும் என்பது இன்னொன்று. தோட்டத்தில் மற்றவர்களுக்கு மிளகாய் யார் பேருக்கு அரைக்கிறோம் என்பது தெரியாது. நாங்கள் இருவரும் வாராவாரம் சேர்ந்து கோயிலுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு, மன்னித்துவிட்டாளே என்று பேசினார்கள். பூசாரிக்கு மட்டும் தெரியும். ஒரு தடவை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "போதும்மா. ஆத்தாவுக்குக் கண்ணு எரியுதாம்." அவள் நின்று, அவர் கழுத்தைப் பார்த்து, ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்காமல் போய்விட்டாள்.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். மண்டோர் செத்த நாளிலிருந்து அவள் கோயிலுக்கு உள்ளே போகவில்லை. சூலத்தடிக் கல்லோடு திரும்பிவிடுகிறாள். யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரேன் என்கிறாள், இல்லாவிட்டால் வரல என்கிறாள். கேட்டுச் சொல்றேன் என்ற பேச்சு அவள் வாயிலிருந்து போயே போய்விட்டது.

சிரம்பான் பக்கத்து மம்பாவில் என் கூடப்பிறந்த அண்ணன் ஒரு மர ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, வீடு பிடித்து, என்னை வந்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். கிளம்பும் நாளன்று விடியற்காலையில் என் மூட்டையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். மூட்டையைக் காணோம். அக்கா அதைத் தலையில் வைத்துக்கொண்டு பாதையில் போய்க்கொண்டிருந்தாள். நான் பின்னால் போனேன். பெரிய சாலை வரைக்கும் இரண்டு கட்டை தூரம். அவள் நடைக்கு நான் பாதி ஓடினேன்.

சாலையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு, மண்டோரக் கட்டிப் போட்டிருந்தப்ப கோயிலுக்குப் போனேனே."

"ஆமாக்கா."

"நான் கேக்கல."

எனக்கு முதலில் புரியவில்லை.

"போய் நின்னேன். வாயத் தொறக்கல. கேட்டிருந்தா விடச் சொல்லியிருப்பா. அவள எனக்குத் தெரியும். அவனையும் விடச் சொல்லியிருப்பா, ஒன்னையும் விடச் சொல்லியிருப்பா. எனக்கு அது வேணாம். அதான் கேக்காமயே திரும்பி வந்தேன். கொண்டு போங்கன்னது நான். அவ இல்ல."

"அப்ப என்ன விடச் சொன்னது?"

"அதுவும் நான்தான்." பால் வெட்டிய மரங்களின் கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அவனுக்கு ஒரு நொடியில முடிஞ்சிரும்னு தெரிஞ்சுச்சு. ஒனக்கு அப்படி முடியக் கூடாதுன்னு நெனச்சேன்."

சாலையில் ஒரு மாட்டு வண்டி போயிற்று. அது மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தப்புப் பண்ணிட்டேன்க்கா என்று சொல்ல வேண்டும். ஐந்து வருஷமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. அதைச் சொல்லாமல் மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கட்டினேன்.

"அப்புறம் உள்ள போக மொகம் இல்ல," என்றாள். "மூணு வருஷம் வெளிய நின்னே வந்துட்டேன். போன செவ்வாக்கெழம நீ போறேன்னு கேள்விப்பட்டேன். போகாத, இங்கயே கெடன்னு சொல்லத்தான் இருந்தேன். சரின்னு உள்ள போய்க் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"இவள என்ன செய்யட்டும்னு."

தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது.

"என்ன சொன்னா?"

"மூட்டையத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்தி விடுன்னா." அவள் முகம் கடுகடுத்தது. "எனக்கு இஷ்டமில்ல. அத அவகிட்டயும் சொன்னேன்."

கை நீட்டி அவளே பஸ்ஸை நிறுத்தினாள். மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தாள். நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்காரும் வரை நின்றாள். அக்கா என்று கூப்பிட்டேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பத்திரமாப் போய்ச் சேருன்னு சொல்லச் சொன்னா," என்றாள். "சொல்லிட்டேன்."

பஸ் நகர்வதற்கு முன்பே திரும்பி, ரப்பர் மரங்களுக்குள் விறுவிறுவென்று நடந்து போனாள்.